ஆழ்கடலில் வருடக்கணக்கில் தாங்கும் சீல்: ஓ-ரிங் தேர்வு முதல் கரை மீட்பு வரை முழுமையான வழிகாட்டி

வீட்டுக் குக்கரின் கேஸ்கெட் தாங்குவது சுமார் 1 பார் அழுத்தம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அதே 1 பார் கூடிவிடும். 6000 மீட்டருக்குப் போகிறவர் ஒன்றன்மேல் ஒன்றாக 600 குக்கர்களின் அழுத்தத்தை ஒரு ரப்பர் வளையத்தின் மேல் வைக்கிறார். குக்கரில் கசிந்தால் கொஞ்சம் நீராவி போகும், விசில் தாமதமாகும். அங்கே கசிந்தால் கருவி போகும், அதற்குள் இருக்கும் ஒரு வருடத் தரவும் போகும்.

கேஸ்கெட் தளர்ந்துவிட்டால் அதைச் சற்று நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. குளிரில் ரப்பர் சுருங்கி விறைக்கிறது என்பதை அப்படித்தான் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறோம். ஆழ்கடலின் அடித்தளம் வருடம் முழுக்க ஃப்ரிட்ஜின் உட்புறம் மாதிரிதான், 2 முதல் 4 டிகிரி வரை.

இது கடலடிக் கருவிகள் செய்கிறவர்களுக்கும், கல்லூரியில் நீரடி ரோபோ கட்டுகிற மாணவர்களுக்கும், கப்பலில் கருவி இறக்கும் டெக்னீஷியன்களுக்கும் எழுதியது. கணக்குகளுக்கு 6000 மீட்டரை எடுத்துக்கொள்கிறேன். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் மூன்று பேரை ஏற்றிச்செல்ல உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000-இன் இலக்கு ஆழமும் அதுதான். உலகக் கடலடியில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

படி 1: எதை எதிர்த்து நிற்கப்போகிறோம்?

6000 மீட்டரில் அழுத்தம் ஏறத்தாழ 610 பார். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன மூடியின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் விழும் சுமை சுமார் 49 டன். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது உங்களுக்கு உதவியும் செய்கிறது. வெளியிலிருந்து இத்தனை டன் அழுத்தும்போது மூடி தானாகவே இறுகிக்கொள்ளும். ஆழத்தில் போல்ட்டுகளுக்கு வேலையே இல்லை. அவை மேற்பரப்பில் மூடி கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளத்தான்.

ஓ-ரிங் என்பது மூடிக்கும் கலனுக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையம். அது வேலை செய்வதும் இப்படித்தான். ரப்பர் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கெட்டியான திரவத்தைப் போல நடந்துகொள்கிறது. தண்ணீர் அதை ஒரு பக்கத்திலிருந்து தள்ளத் தள்ள அது பள்ளத்தின் மறுபக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் கூடினால் பிடிப்பும் கூடும். ஆகவே சீலுக்கு மிகச் சிரமமான இடம் 6000 மீட்டர் அல்ல, முதல் 10 மீட்டர். அங்கே தண்ணீருக்கு வளையத்தைத் தள்ளி உட்காரவைக்கும் பலம் இல்லை. நாம் மூடும்போது கொடுத்த நசுக்கல் மட்டும்தான் காவல். கடலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதை நம்புவதில்லை.

அடுத்தது காலம். 1968 அக்டோபரில் அமெரிக்காவின் ஆல்வின் நீர்மூழ்கி, இறக்கும்போது கம்பி அறுந்து மூடி திறந்தபடியே சுமார் 1540 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. ஏறத்தாழ பத்து மாதம் கழித்து 1969-இல் தூக்கியபோது உள்ளே இருந்த சாண்ட்விச்சுகள் ஊறிப்போயிருந்தனவே தவிர கெட்டுப்போகவில்லை. அவ்வளவு குளிரில் வேதிவினைகள் ஆமை வேகத்தில்தான் நடக்கும். ரப்பருக்கும் அதே கதை. வெயில் இல்லை, ஓசோன் இல்லை, வெப்பம் இல்லை. ரப்பர் முதுமையடையாமல் இருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சென்னை கோடவுனில் மே மாதம் கிடக்கும் ஓ-ரிங்தான் கடலடியில் இருப்பதைவிடச் சீக்கிரம் கிழடாகும்.

அப்படியென்றால் சீல்கள் ஏன் தோற்கின்றன? என் அனுபவத்தில் குற்றவாளிகள் மூன்று: வளையம் உட்கார்ந்திருக்கும் உலோகம் அரிப்பது, குளிரில் வளையம் விறைத்துப்போவது, அதைப் பொருத்திய கை. ரப்பர் வயதாகிச் செத்தது என்பது கடைசியில்தான் வரும். கீழே உள்ள படிகளில் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன் என்பதும் இதை ஒட்டித்தான்.

படி 2: ரப்பரைத் தேர்ந்தெடுப்பது

1986 ஜனவரி 28 காலை, சேலஞ்சர் விண்கலம் கிளம்பியபோது ஏவுதளத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. அதன் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங்குகள் வைட்டான் என்ற ரப்பர் வகை. விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியில் நசுக்கி, மேசையிலிருந்த ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்துக் காட்டினார். இடுக்கியை எடுத்த பிறகும் ரப்பர் சில நொடிகள் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அந்த டம்ளரில் இருந்த குளிரும் ஆழ்கடலின் குளிரும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ராக்கெட்டில் இணைப்பு நொடிக்குள் விரிந்தது, வளையம் அதே வேகத்தில் பின்தொடர வேண்டியிருந்தது. நம் கருவியில் அப்படி எதுவும் நகர்வதில்லை. அதனால் வைட்டான் ஆழ்கடலுக்கு ஆகவே ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இன்னொரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடும்போது ரப்பர் கண்ணாடிபோல விறைக்கும் வெப்பநிலையும் மேலே ஏறுகிறது. தொழிலில் புழங்கும் கணக்கு, ஏறத்தாழ 52 பாருக்கு 1 டிகிரி. 610 பாருக்கு சுமார் 12 டிகிரி. சாதாரண வைட்டான் −17 டிகிரி அளவில் நெகிழ்வை இழக்கும் என்றால், 6000 மீட்டரில் அது −5 ஆகிவிடும். கடல் 2 டிகிரியில் இருக்கிறது. மிச்சம் 7 டிகிரிதான். குளிருக்கென்று செய்த நைட்ரைல் ரப்பர் −40 வரை தாங்கும். அங்கே தாராளமாக இடைவெளி இருக்கிறது.

அதனால் என் முதல் தேர்வு பெரும்பாலும் நைட்ரைல்தான். மலிவு, எந்தத் தடிமனிலும் கிடைக்கும், கடல்நீரும் கிரீஸும் எண்ணெயும் அதற்குப் பிரச்சினை இல்லை. அதன் பலவீனம் வெயிலும் ஓசோனும். அவை கடலடியில் கிடையாது. ஆனால் வளையத்தின் ஒரு பகுதி வெளியே தெரியும்படி கப்பல் தளத்தில் மாதக்கணக்கில் வெயிலில் கிடக்கும் என்றால் யோசியுங்கள். இபிடிஎம் கடல்நீருக்கும் குளிருக்கும் அருமையான ரப்பர், வெயிலையும் தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் வாசலின் தடவிவிட்டால் கதை முடிந்தது. ஒரே ஆய்வகத்தில் இரண்டு வகையையும் வைத்திருந்தால், இரண்டும் கறுப்பு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இபிடிஎம் தேவையில்லாத இடத்தில் வாங்கிவைக்கவே வேண்டாம் என்பேன்.

சிலிகோன் குளிருக்கு நல்லது. ஆனால் மென்மை, எளிதில் கிழியும், நீராவியைத் தாராளமாக உள்ளே விடும். மூடிய கலனுக்குள் ஒரு வருடம் எலக்ட்ரானிக்ஸ் இருக்க வேண்டும் என்றால் அது வேண்டாம். மேலும் சிலிகோன் வளையத்துக்குச் சிலிகோன் கிரீஸ் தடவக் கூடாது, ஊறிப் பருத்துவிடும்.

கடினம் எவ்வளவு? ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 70 எளிதாக உட்காரும், சின்னக் கீறலையும் நிரப்பிக்கொள்ளும். 90 கெட்டி, இடுக்கில் பிதுங்காது, ஆனால் மேற்பரப்பு சுத்தமாக இல்லையென்றால் குறைந்த அழுத்தத்தில் கசியும். முதல் 10 மீட்டர்தான் சிரமம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் உலோகம் உலோகத்தில் நேரடியாக அமரும் மூடியில் 70 போதும். இடைவெளி தவிர்க்க முடியாத இடத்தில் 70-ஐப் போட்டு, காற்றுப் பக்கமாக, ரப்பர் பிதுங்காமல் தடுக்கும் ஒரு டெஃப்லான் வளையம் (பேக்கப் ரிங்) வைப்பது 90-க்கு மாறுவதைவிட எனக்குப் பிடித்த வழி.

வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். காலாண்டும் வருடமும் இருக்கும். முறையாகச் சேமித்த நைட்ரைலுக்கு 15 வருடம் வரை ஆயுள் சொல்வார்கள், வைட்டானுக்கு வரம்பு இல்லை. முறையாக என்றால் இருட்டில், மூடிய உறையில், குளுமையான இடத்தில். சுவரில் ஆணி அடித்து வளையங்களை மாலைபோலத் தொங்கவிடும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். ஆணி படும் இடத்தில் வளையம் நிரந்தரமாக மடிந்துவிடும். மின்மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், தீப்பொறியிலிருந்து ஓசோன் வரும்.

படி 3: பள்ளம்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 3.53 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையம். பள்ளத்தின் ஆழம் 2.75. நசுக்கல் 0.78 மில்லிமீட்டர், அதாவது 22 சதவீதம். நகராத சீலுக்கு 15 முதல் 30 சதவீதம் வரை வைப்பார்கள், இது நடுவில் இருக்கிறது. அகலம் 4.8 வைத்தால் பள்ளத்தில் 74 சதவீதம் ரப்பரால் நிரம்பும். 85-ஐத் தாண்டக் கூடாது, ரப்பருக்குப் போக்கிடம் வேண்டும்.

இப்போது இதே வளையம் கடலடியில் என்ன ஆகும்? 30 டிகிரியிலிருந்து 2-க்கு இறங்கும்போது சுருங்குவது சுமார் 0.016 மில்லிமீட்டர். 600 பார் அழுத்தத்தில் அமுங்குவது 0.03 அளவு. இரண்டும் சேர்ந்தாலும் 0.05-ஐத் தொடாது. நம்மிடம் 0.78 இருக்கிறது. சரி, ஐந்து வருடத்தில் நசுங்கிய நசுக்கலில் 40 சதவீதம் நிரந்தரமாகிவிட்டது என்றே வைப்போம். அப்போதும் வளையம் 3.22 மில்லிமீட்டர் வரை எழும்பும், 0.47 மிச்சம். கணக்கு நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. தடிமனான வளையத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். 1.78 தடிமனில் இதே கணக்கைப் போட்டால் எல்லாமே பாதியாகிவிடும், ஆனால் கீறலும் தூசியும் பாதியாவதில்லை.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. தட்டையான மூடியில் வளையம் உட்காரும்போது, அது பள்ளத்தின் எந்தச் சுவரை ஒட்டியிருக்க வேண்டும்? பம்ப், குழாய் வேலைகளில் அழுத்தம் உள்ளேயிருந்து வரும். வளையத்தை வெளிச்சுவரோடு ஒட்டவைப்பார்கள். கடலில் அழுத்தம் வெளியிலிருந்து. ஆகவே வளையத்தின் உள்விட்டம் பள்ளத்தின் உள்சுவரை அணைத்தபடி இருக்க வேண்டும். மாற்றி வைத்தால், இறங்கும்போது தண்ணீர் வளையத்தை உள்நோக்கி இழுத்துப்போகும். அந்த நகர்வில் ஒரு இடத்தில் மடிப்பு விழுந்தால் அங்கேதான் கசிவு. தரைத் தொழிற்சாலைகளுக்கான அட்டவணையை அப்படியே எடுத்துப்போட்டு வரைபடம் கொடுக்கிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

பேக்கப் ரிங்குக்கும் அதே விதி: தண்ணீர் – ஓ-ரிங் – பேக்கப் – காற்று என்ற வரிசை.

மேற்பரப்பு 0.8 மைக்ரான் அளவுக்கு மழமழப்பாக வேண்டும். அதைவிட முக்கியம், லேத் கருவியின் தடங்கள் வளையத்தோடு வட்டமாகவே ஓட வேண்டும். குறுக்கே போகும் ஒரு மெல்லிய கீறல் தண்ணீருக்குப் போட்டுக்கொடுத்த வாய்க்கால். பள்ளத்தின் விளிம்புகளை மழுக்கிவிடுங்கள். கூர்மையான விளிம்பு வளையத்தைச் சீவும், அலுமினியத்துக்குப் போடும் ஆக்சைடுப் பூச்சான ஆனோடைசிங்கும் அங்கே ஒழுங்காகப் பிடிக்காது.

இன்னொன்று, மூடி போதுமான தடிமனில் இருக்கட்டும். மெல்லிய மூடி 49 டன்னில் நடுவில் குழிந்து, ஓரத்தில் லேசாகத் தூக்கும். சீல் இருப்பது அந்த ஓரத்தில்தான்.

படி 4: உலோகம், இங்கேதான் போர்

கடல் வேலைக்கு 316எல் ஸ்டீல் போதும் என்று கடைக்காரர் சொல்வார். மேல்தளக் கைப்பிடிக்கும் கொக்கிக்கும் போதும். ஓ-ரிங் பள்ளத்துக்குப் போதாது.

காரணம் இது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன்மேல் உள்ள மெல்லிய ஆக்சைடு தோலினால். அந்தத் தோல் கிழிந்தால் மறுபடி வளர ஆக்சிஜன் வேண்டும். ஓ-ரிங்குக்கும் உலோகத்துக்கும் நடுவே, தண்ணீர்ப் பக்கமாக, முடியளவுக்கும் குறைவான ஒரு இடுக்கு இருக்கிறது. அங்கே நிற்கும் தண்ணீர் புதுப்பிக்கப்படுவதில்லை. இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் தோல் பலவீனப்படுகிறது. கரைந்த உலோக அயனிகள் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. அமிலமும் குளோரைடும் கூடக் கூட அரிப்பு வேகமெடுக்கிறது. வெளியே பார்த்தால் கருவி பளபளவென்று இருக்கும். மூடியைத் திறந்து வளையத்தை எடுத்தால், அது உட்கார்ந்திருந்த கோட்டிலேயே எறும்பு கடித்த மாதிரி வரிசையாகக் குழிகள்.

எனக்கே நடந்தது. ஒரு 316எல் கலன் இரண்டு முறை ஆழத்துக்குப் போய்வந்தது. இரண்டு முறையும் உள்ளே காய்ந்த வெற்றிலைபோல உலர்ந்திருந்தது. மூன்றாவது முறை அனுப்புவதற்கு முன் பள்ளத்தில் நகத்தை ஓட்டினேன், ஒரு இடத்தில் தட்டியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வளையத்தின் அகலத்தில் முக்கால்வாசி தூரத்தைக் குழி கடந்திருந்தது. இன்னும் கால்வாசி போயிருந்தால் தண்ணீருக்கு நேர்வழி. இத்தனைக்கும் அரிப்பில் பெரும்பகுதி கடலடியில் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். பயணத்துக்குப் பிறகு அதை நல்ல தண்ணீரில் கழுவாமல், உப்போடு, துறைமுகக் கொட்டகையின் புழுக்கத்தில் மாதக்கணக்கில் போட்டுவைத்திருந்தோம். 2 டிகிரியில் மெதுவாக நடப்பது 35 டிகிரியில் ஓட்டமாக நடக்கும்.

காசு இருந்தால் டைட்டானியம். கடல் வெப்பநிலையில் அதற்கு இந்த இடுக்கு அரிப்பு நோய் கிடையாது. மத்ஸ்யா 6000-இன் மனிதர்கள் அமரும் கோளமும் டைட்டானியக் கலவைதான், சுவர் 80 மில்லிமீட்டர். மரையில் மட்டும் கவனம்: டைட்டானியம் டைட்டானியத்தோடு உரசினால் கடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரைக்கென்று உள்ள பேஸ்ட் போடாமல் முடுக்காதீர்கள்.

காசு இல்லையென்றால் 6061 அலுமினியத்தில் ஹார்டு ஆனோடைசிங் செய்து, கலனுக்குப் பதிலாகத் தான் கரையும் ஒரு துத்தநாகத் துண்டை (ஆனோடு) கட்டிவிடலாம். பல கருவிகள் இப்படியே வருடக்கணக்கில் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுவதும் அந்த ஒரே புள்ளியில் குவியும். அலுமினியத்தில் நேரடியாக ஸ்டீல் போல்ட்டையோ பித்தளைக் கனெக்டரையோ திருகாதீர்கள். கடல்நீரில் அது பேட்டரிதான், கரைவது அலுமினியம். பிளாஸ்டிக் வாஷரும் உறையும் போட்டுப் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரில் தொடர்பு இல்லை என்பதை அளந்து உறுதிசெய்யுங்கள்.

ஆனோடு கட்டுவதிலும் ஒரு பக்கவிளைவு உண்டு. துத்தநாகம் பாதுகாக்கும் உலோகத்தின்மேல் காரத்தன்மை உருவாகிறது. ரப்பரை உலோகத்தோடு ஒட்டி வார்த்த கனெக்டர்களில், அந்தக் காரம் ஒட்டுப்பசையை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பெயர்த்துக்கொண்டே போகும். ஓ-ரிங் நன்றாக இருக்கும், கலன் நன்றாக இருக்கும், கனெக்டரின் ரப்பர் மட்டும் தோல் உரிவதுபோல் உரிந்து உள்ளே தண்ணீர் போகும். நீண்ட காலத் திட்டங்களில் கனெக்டரின் உலோகப் பகுதியை ஆனோடு பாதுகாப்பிலிருந்து மின்சார ரீதியாகப் பிரித்துவைப்பது, அல்லது உடல் டைட்டானியமாகவோ பிளாஸ்டிக்காகவோ உள்ள கனெக்டரை வாங்குவது நல்லது.

படி 5: ரப்பரே இல்லாமல் முடியுமா?

முடியும் என்றால் அதையே செய்யுங்கள். பிரான்ஸின் டூலோன் நகருக்கு எதிரே 2475 மீட்டர் ஆழத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைத் தேடும் ஆன்டாரெஸ் ஆய்வகம் 2008 முதல் 2022 வரை இயங்கியது. அதன் உணர்கருவிகள் சுமார் 43 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளங்களுக்குள் இருந்தன. இரண்டு அரைக்கோளங்களின் விளிம்புகளைத் துல்லியமாகத் தேய்த்துச் சேர்த்து, உள்ளே காற்றைக் குறைத்து, வெளியே பிசின் பட்டையும் டேப்பும் சுற்றுவார்கள். ஓ-ரிங் கிடையாது. கண்ணாடி கண்ணாடியோடு ஒட்டி நிற்பதே சீல்.

1956-இல் அட்லாண்டிக்கில் போட்ட டாட்-1 தொலைபேசிக் கேபிளின் கடலடி ஆம்ப்ளிஃபயர்கள் 22 வருடம் உழைத்தன, உள்ளே இருந்தவை வால்வுகள். இன்றைய கேபிள்களில் சிக்னலைப் பெருக்கும் ரிப்பீட்டர்களை 25 வருடத்துக்கென்று வடிவமைக்கிறார்கள். அவ்வளவு காலத்துக்கு நம்புவது வெல்டிங்கையும் உலோகத்தோடு ஒட்டிய கண்ணாடி, செராமிக்கையும்தான்.

மூன்றாவது வழி, எண்ணெய் நிரப்பிச் சமன்செய்வது. மோட்டாரையோ இணைப்புப் பெட்டியையோ எண்ணெயால் நிரப்பி, ஒரு நெகிழ்வான பையோ டயாஃப்ரமோ வைத்துவிட்டால் உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். சீலுக்குச் சுமையே இல்லை. கணக்கை மட்டும் தாராளமாகப் போடுங்கள். 600 பாரில் எண்ணெய் சுமார் 4 சதவீதம் அமுங்கும், குளிரில் இன்னும் 2 சதவீதம் சுருங்கும். பையில் குறைந்தது பத்து சதவீதமாவது கையிருப்பு வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பை வற்றிப்போன கணத்தில் முழு அழுத்தமும் ஒரு மெல்லிய தகட்டுப் பெட்டியின்மேல் வந்து உட்காரும்.

படி 6: பொருத்துவது

அவசரமில்லாத நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். கப்பல் கிளம்பும் இரவில் பொருத்திய சீலை நான் நம்புவதில்லை.

பழைய வளையத்தை எடுக்க ஸ்க்ரூடிரைவரோ ஊசியோ வேண்டாம். பள்ளத்தின் இரு பக்கமும் கட்டைவிரலால் வளையத்தை ஓரிடத்தை நோக்கித் தள்ளினால் அது வளைந்து மேலே எழும்பும், விரலால் பிடித்துவிடலாம். சின்னப் பள்ளமென்றால் பல் குச்சி. எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர் புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியை உருவி, நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவி வைத்திருப்பார். விலைக்கு வாங்கிய பிளாஸ்டிக் கருவியைவிட அதுதான் நன்றாக வேலை செய்தது, உலோகத்தைக் கீறவே கீறாது.

பள்ளத்தைப் பஞ்சு உதிராத துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். வளையத்தின் குறுக்கே ஒரே ஒரு முடி கிடந்தால் அதன் இருபுறமும் சின்னச் சுரங்கம் உருவாகும்.

புது வளையத்தை வெறும் விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டி முழுச் சுற்றும் தடவுங்கள். கையுறை போட்டால் சின்ன வெட்டு தெரியாது. வார்ப்புக் கோடு, வெட்டு, புடைப்பு எது தட்டினாலும் தூக்கிப்போடுங்கள். விலை சில ரூபாய்தான்.

கிரீஸ்: கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு மிளகளவு எடுத்து, வளையத்தை நடுவில் விட்டு இழுத்தால் போதும். எண்ணெய் தேய்த்த முடிபோல ஒரு மினுமினுப்பு வந்தால் சரி. வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதிகம். கிரீஸ் சீல் செய்வதில்லை, வளையம் நழுவி உட்கார உதவுகிறது, அவ்வளவுதான். அதிகம் தடவினால் தூசியையும் நூலையும் சேர்த்துவைக்கும். ஆழ்கடலில் மோலிகோட் 111 மாதிரியான சிலிகோன் கலவைகள் பரவலாகப் புழங்குகின்றன. நைட்ரைலுக்குப் பிரச்சினை இல்லை.

மூடியை வைக்கும்போது சுழற்றாமல் நேராக இறக்குங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்கள். உலோகம் உலோகத்தைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். மூடுவதற்கு முன் உள்ளே புதிய சிலிக்கா ஜெல் பை. ஆல்கலைன் பேட்டரி வைத்திருந்தால் ஹைட்ரஜன் கசியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 7: சோதனை

முதலில் வேக்குவம். கலனுக்குள் காற்றை உறிஞ்சி 700 மில்லிபார் அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு இரவு விட்டுக் காலையில் கேஜைப் பாருங்கள். ஒருமுறை நாங்கள் இப்படி விட்டுவிட்டுப் போனோம். காலையில் 10 மில்லிபார் ஏறியிருந்தது. பிரித்து, வளையம் மாற்றி, மறுபடி மூடி, மறுநாளும் அதே 10. மூன்றாவது நாள்தான் ஒருவர் கேட்டார், ராத்திரி ஏசியை யார் அணைக்கிறார்கள் என்று. 700 மில்லிபாரில் 1 டிகிரி ஏறினால் அழுத்தம் 2.3 மில்லிபார் ஏறும். நான்கு டிகிரிக்கு மேல் அறை சூடானதுதான் கசிவு. அன்றிலிருந்து அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதிவைக்கிறோம்.

அந்த வேக்குவத்தை எடுத்துவிடாமல் அப்படியே கடலுக்கு அனுப்புங்கள். 10 சென்டிமீட்டர் மூடியை 0.3 பார் வித்தியாசம் சுமார் 24 கிலோ விசையில் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். முதல் 10 மீட்டருக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

அப்புறம் அழுத்தத் தொட்டி. வேலை ஆழத்தைப் போல 1.1 முதல் 1.25 மடங்கு வரை ஏற்றி, பிடித்து, இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். ஒரே முறை ஏற்றி இறக்குவதில் தெரியாதது மூன்றாவது சுற்றில் தெரியலாம். சென்னையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் தேறியது 2 டிகிரியில் தேறியதாகாது. தொட்டியையே குளிர்விக்க முடியாவிட்டால், கலனை ஒரு இரவு ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் குளிர் போவதற்குள் குறைந்த அழுத்தத்தில், 1 முதல் 5 பாரில், ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பெரிய எண்களைக் காட்டும் சோதனையைவிட இது அதிகக் குறைகளைக் காட்டிக்கொடுக்கும்.

படி 8: தூக்கும்போது

இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆழத்தில் மெதுவாகக் கசிந்து நிரம்பிய கலன், மேலே வரும்போது வளையம் மறுபடி உட்கார்ந்துகொண்டால், அந்த ஆழத்தின் அழுத்தத்தை உள்ளே பூட்டிவைத்துக்கொண்டு தளத்துக்கு வரும். உள்ளே நனைந்த லித்தியம் பேட்டரி இருந்தால் வாயுவும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட மூடி துப்பாக்கிக் குண்டுதான். ஆகவே எந்தக் கலனிலும் உள்ளழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் வால்வு ஒன்று வையுங்கள். மீட்ட கருவி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தாலோ, சூடாக இருந்தாலோ, சீறல் கேட்டாலோ, எல்லோரையும் விலக்குங்கள். மூடிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, திறக்கும்போதும் பக்கவாட்டில் நின்று போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஒன்றையும் முழுதாகக் கழற்றிவிடாமல்.

எல்லாம் சாதாரணமாக இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவிட்டு, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறங்கள். விளிம்பில் தேங்கிய ஒரு சொட்டுக் கடல்நீர் உள்ளே விழுந்துவிட்டால், கடலடியில் கசிந்ததா இப்போது விழுந்ததா என்று ஒரு வாரம் சண்டை போடுவீர்கள்.

படி 9: வளையத்தைப் படிப்பது

கழற்றிய வளையத்தை மறுபடி போடாதீர்கள், ஆனால் குப்பையிலும் போடாதீர்கள். ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதா? அது நிரந்தர நசுக்கல். ஓரத்தில் எலி கொறித்த மாதிரி இருந்தால் இடுக்கில் பிதுங்கியிருக்கிறது, இடைவெளி அதிகம் அல்லது பேக்கப் ரிங் இல்லை. சுற்றிலும் முறுக்கிய கோடு இருந்தால் பொருத்தும்போது புரண்டிருக்கிறது. பருத்திருந்தால் கிரீஸ் தவறு. பள்ளத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் கரைய ஆரம்பித்துவிட்டது. பொடியைத் துடைத்துவிட்டு அடியில் குழி இருக்கிறதா என்று பாருங்கள்.

திறந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு டிஜிட்டல் வெர்னியரில் வளையத்தின் தடிமனை நான்கு இடத்தில், நசுங்கிய திசையில், அழுத்தாமல் அளந்து எழுதுங்கள். 3.53 மில்லிமீட்டராக உள்ளே போனது 3.30 ஆக வந்திருந்தால், நசுக்கிய 0.78-இல் 0.23 திரும்பவில்லை, அதாவது 29 சதவீதம். அடுத்த முறை இரண்டு வருடம் கழித்து எடுக்கும்போது அது 35 ஆனதா 60 ஆனதா என்பதுதான், ஐந்து வருடத்துக்கு விடலாமா என்ற கேள்விக்கு உங்களிடம் இருக்கும் ஒரே நேர்மையான பதில். தயாரிப்பாளரின் அட்டவணை சூடான அடுப்பில் சில நாட்கள் வைத்து எடுத்தது. உங்கள் வளையம் இருந்தது இருட்டில், 2 டிகிரியில், 600 பாரில்.

அளந்தபின் வளையத்தை ஒரு சிறு ஜிப் உறையில் போட்டு, கருவியின் எண், ஆழம், இறக்கிய நாள், எடுத்த நாள், எந்த ரப்பர், எந்தக் கிரீஸ், யார் பொருத்தியது என்று எழுதி, அந்தக் கருவியின் நோட்டுப் புத்தகத்திலேயே ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். பின்னை உறையின் ஓரத்தில் அடியுங்கள், வளையத்தில் அல்ல.